வில்லன் திருந்துவதும் நாயகி அவனைக் காதலிப்பதும்: இரண்டையும் ஒரே காட்சியில் தீர்க்க முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதும் அர்பன் ஃபேன்டஸி ரொமான்ஸ் நாவலின் முதல் பாகத்தில், நகரத்துக்குள் மறைந்திருக்கும் இன்னொரு உலகத்தை ஆளும் அமரன் ஒருவன் வில்லனாக வருகிறான். அவன் மனிதர்களின் நினைவுகளை உண்டு வாழ்பவன். நாயகியின் தங்கையிடமிருந்து மூன்று ஆண்டு நினைவுகளைப் பறித்திருக்கிறான். நாயகியோடு பணிபுரிந்த காவலர் ஒருவரைக் கொல்ல ஆணையிட்டிருக்கிறான். இரண்டாம் பாகத்தின் முடிவில் நாயகியும் அவனும் இணைய வேண்டும் என்பது உங்கள் திட்டம். அதற்காக, இருநூறு ஆண்டுகளுக்கு முன் அவனுக்கு இழைக்கப்பட்ட துரோகத்தை ஒரு ஃபிளாஷ்பேக்கில் காட்டவும், கிளைமாக்ஸில் அவன் நாயகிக்காகச் சாகத் துணியும் காட்சியை வைக்கவும் எண்ணியிருக்கிறீர்கள். கைப்பிரதியைப் படித்த இருவரில் ஒருவர் அழுததாகவும், மற்றவர் கோபத்தோடு பாதியில் நிறுத்திவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். “இது போதுமா, இன்னும் எவ்வளவு செய்ய வேண்டும்?” என்பது உங்கள் கேள்வி.

எவ்வளவு என்று அளவைக் கேட்டிருந்தாலும், உங்களை உண்மையில் உறுத்துவது வேறொன்று என்று நினைக்கிறேன். நாயகி அவனை ஏற்றுக்கொள்ளும்போது தங்கைக்கும் இறந்துபோன காவலருக்கும் துரோகம் செய்தவளாகத் தெரியக் கூடாது. காதலுக்காகத் தன் அறிவை அடகு வைத்தவளாகவும் தெரியக் கூடாது. பாதியில் நிறுத்திய வாசகரின் கோபம் பெரும்பாலும் வில்லன் மீது எழுந்ததாக இருக்காது. நாயகியின் மீதும், அவளை அப்படி நடக்கவைத்த உங்கள் மீதும் எழுந்ததாகவே இருக்கும். புனைகதைப் பதிப்பாசிரியராகப் பல ஆண்டுகளாக இத்தகைய கைப்பிரதிகளோடு வேலை செய்து வருகிறேன். அந்தப் பழக்கத்திலிருந்து நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: திருந்துதல், மன்னிப்பு, காதல் ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு நபர்களுக்கு உரியவை. திருந்துதல் அவனுடைய வேலை. மன்னிப்பது அவனால் பாதிக்கப்பட்டவர்களின் உரிமை. காதலிப்பது நாயகியின் முடிவு. இந்த மூன்றையும் ஒரே காட்சியில், ஒரே கண்ணீரில் தீர்த்துவைக்க முயலும் நாவல்கள்தான் பெரும்பாலும் தோற்கின்றன. உங்கள் கைப்பிரதியை நான் படிக்கவில்லை. நீங்கள் தந்த சுருக்கத்தை வைத்துத்தான் பேசுகிறேன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஃபிளாஷ்பேக்கைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒருவன் ஏன் கொடியவன் ஆனான் என்பதை அது விளக்கும். அவன் செய்ததில் ஒன்றையும் அது ஈடுசெய்யாது. இதை எல்லா வாசகர்களும் உள்ளூர உணர்ந்திருக்கிறார்கள். துன்பப்பட்டவர்கள் எல்லோரும் பிறருடைய நினைவுகளைப் பறிப்பதில்லை என்பதற்குச் சாட்சியாக உங்கள் நாவலிலேயே தங்கை நிற்கிறாள். ஆகவே ஃபிளாஷ்பேக்கை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை அவன் தன் வாயால், தனக்குச் சாதகமாகச் சொல்ல விடாதீர்கள். நாயகி அதை வேறொருவர் மூலம் அறியட்டும். அவளே அதைப் பற்றிக் கேட்டால்கூட, “அதற்கும் உன் தங்கைக்கும் தொடர்பில்லை” என்று அவன் சொல்லட்டும். தன் காயத்தைக் காரணமாகக் காட்டக்கூடிய இடத்தில் காட்டாமல் விடுவதுதான் அவனிடம் ஏதோ மாறத் தொடங்கியிருக்கிறது என்பதற்கு வாசகர் காணும் முதல் தடயமாக இருக்க முடியும். அந்த ஒரு வரி, இருபது பக்கத் துயரக் கதையைவிட அதிகம் செய்யும்.

கிளைமாக்ஸில் உயிரைப் பணயம் வைப்பது இதைவிடச் சிக்கலானது. அது உணர்ச்சியைக் கிளப்பும், ஐயமில்லை. உங்கள் முதல் வாசகர் அழுததும் அங்கேதான் இருக்கும். ஆனால் அந்தக் காட்சி நிரூபிப்பது அவன் நாயகியை நேசிக்கிறான் என்பதை மட்டுமே. தான் நேசிக்கும் ஒருத்திக்காகச் சாகத் துணிவது கொடியவர்களாலும் முடியும்; உலகத்தையே சூறையாடிவிட்டுத் தன் மனைவி மக்களுக்காக உயிரைக் கொடுக்கும் மனிதர்களை நம்மால் எளிதாகக் கற்பனை செய்ய முடிகிறது. தங்கை போன்ற இன்னொரு பெண், நாயகிக்கு எந்த உறவுமில்லாத ஒருத்தி, அவன் பசியோடு இருக்கும் ஓர் இரவில் தனியாக அவன் எதிரே நின்றால் என்ன செய்வான் என்ற கேள்விக்கு அந்தக் கிளைமாக்ஸ் பதில் சொல்வதில்லை. வாசகரின் மனத்தில் இருப்பது அந்தக் கேள்விதான்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடிஸ், மனம் திருந்துதலின் விதிகளைத் தொகுத்து எழுதும்போது முழுமையான மனந்திருந்துதல் எது என்று ஓர் அளவுகோல் தருகிறார். முன்பு தவறு செய்த அதே சூழல் மறுபடி வாய்க்க வேண்டும். அதைச் செய்யும் ஆற்றலும் ஆசையும் குறையாமல் இருக்க வேண்டும். அச்சத்தாலோ பலவீனத்தாலோ அல்லாமல், திருந்தியதாலேயே அவன் விலக வேண்டும் என்கிறார். முதுமை வந்து, செய்ய இயலாமல் போன பின் விலகுவதும் பயனுள்ளதே என்றாலும் அது உச்ச நிலை அல்ல என்பதும் அவர் கருத்து. சமய விதியாக எழுதப்பட்ட இது, கதை சொல்பவருக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த தொழில்நுட்பக் குறிப்பாகவும் எனக்குத் தோன்றுகிறது. மிகைபுனைவு எழுதுபவர்கள் பலர் வில்லனைத் திருத்துவதற்காக அவனுடைய ஆற்றலைப் பறித்துவிடுகிறார்கள். சாபம் நீங்கி மனிதனாகிவிடுகிறான்; அல்லது அவன் கோரைப்பற்கள் உதிர்ந்துவிடுகின்றன. இது வசதியான வழிதான், ஆனால் அதோடு சோதனையும் மறைந்துவிடுகிறது. உங்கள் அமரனுக்கு நினைவுகளை உண்ணும் ஆற்றலும் பசியும் கடைசிப் பக்கம் வரை இருக்க வேண்டும் என்று வலியுறுத்துவேன்.

அப்படியானால் அவன் எதை உண்டு வாழ்வான் என்று நீங்கள் உடனே கேட்பீர்கள். உங்கள் நாவலின் மிக வளமான இடம் இதுதான். நீங்கள் எழுதிய சுருக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததுதான் எனக்கு வியப்பு. நம் மொழியிலேயே இதற்கு மிகப் பழைய முன்மாதிரி ஒன்று இருக்கிறது. மணிமேகலையில் ஆதிரையின் கணவன் சாதுவன் கப்பல் உடைந்து நாகர் மலையில் கரையேறுகிறான். அங்கிருப்பவர்கள் கரை ஒதுங்கும் மனிதர்களைத் தின்பவர்கள். அவர்களுடைய மொழி அறிந்த சாதுவன் அவர்களின் தலைவனோடு வாதிட்டு, கொலையும் கள்ளும் ஏன் தீது என்று விளக்குகிறான். தலைவன் மனம் மாறுகிறான். ஆனால் கள்ளும் ஊனும் இல்லாமல் தங்களால் வாழ முடியாது என்றும், தங்களுக்கு இயன்ற அறத்தைச் சொல்ல வேண்டும் என்றும் கேட்கிறான். சாதுவனும் அவர்களைத் துறவிகளாக்க முயலவில்லை. கப்பல் உடைந்து வருவோரைக் கொல்லாமல் காப்பாற்றுங்கள், மூத்துத் தானே இறக்கும் விலங்குகளைத் தவிர வேறெந்த உயிரையும் உணவுக்காகக் கொல்லாதீர்கள் என்கிறான். அதன்பின் அந்தத் தலைவன் செய்வதைக் கவனியுங்கள். இதற்கு முன் கரை ஒதுங்கியவர்களைத் தாங்கள் தின்றதை ஒப்புக்கொண்டு, அவர்களிடமிருந்து எடுத்து வைத்திருந்த பொருள்களைக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறான்.

மிகக் குறைந்த அடிகளில் அந்தக் காவியம் எத்தனை வேலைகளைச் செய்துவிடுகிறது பாருங்கள். அவன் இயல்பு முற்றிலும் மாறவில்லை, ஊனுண்பவனாகவே இருக்கிறான். ஆனால் எல்லை வகுக்கப்படுகிறது. அந்த எல்லை அவனால் காக்கக்கூடியதாக இருக்கிறது. செய்த குற்றம் வாய்விட்டுச் சொல்லப்படுகிறது. கொள்ளையில் கிடைத்தது கையை விட்டுப் போகிறது. உங்கள் அமரனுக்கும் இதே வகையில், அவனால் இயன்ற, ஆனால் உண்மையில் வலிக்கக்கூடிய ஓர் எல்லையை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். அறிந்து, விரும்பி ஒருவர் தரும் நினைவை மட்டும் உண்பது என்று வைத்தால், அது அவனை எப்போதும் அரைப்பசியிலேயே வைத்திருக்குமா? அதனால் அவன் அதிகாரம் சரியுமா? அவன் அவையில் இருப்பவர்கள் அவனைப் பலவீனன் என்று கருதி எழுவார்களா? அப்படியென்றால் அவன் திருந்துவதற்கு ஒவ்வொரு நாளும் ஒரு விலை இருக்கிறது. அந்த விலையிலிருந்தே உங்கள் இரண்டாம் பாகத்தின் கதைப்பின்னல் இயல்பாக வளரும். கொள்ளையை விட்டுக்கொடுக்கும் பகுதியும் அதே அளவு முக்கியமானது. பறித்த நினைவுகளால் அவன் பெற்ற அதிகாரம், இரகசியங்கள், மாளிகை, விசுவாசிகள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டே அவன் வருந்தினால், அந்த வருத்தத்தை வாசகர் ஒரு பாவனையாகவே எடுத்துக்கொள்வார்.

நாயகி பார்க்காத இடத்தில் அவன் எல்லையைக் காக்கும் காட்சி ஒன்றாவது கட்டாயம் வேண்டும். அவளுக்கு அது ஒருபோதும் தெரியவராமல் போனால் இன்னும் நல்லது. அவள் கண்முன் செய்யப்படும் ஒவ்வொரு நற்செயலும் அவளை அடைவதற்கான முயற்சியாகவும் வாசிக்கப்படக்கூடும் என்பதால், சாட்சியில்லாத செயலுக்குத்தான் இங்கே மதிப்பு. இடையில் ஒரு முறை அவன் தவறிவிழுவதும் நம்பகத்தன்மையைக் கூட்டும். ஆனால் அந்தத் தவறால் பாதிக்கப்படுபவருக்கு ஒரு பெயரும் முகமும் இருக்க வேண்டும். அவன் அதை மறைக்காமல் அவனே முதலில் சொல்ல வேண்டும்.

அடுத்து, மன்னிப்பு. அர்பன் ஃபேன்டஸிக்கே உரிய ஒரு சிக்கல் இங்கே இருக்கிறது. இந்த வகைக் கதைகளில் மாய உலகம் சாதாரண நகரத்துக்குள் மறைந்திருக்கிறது. அதன் குற்றங்களைக் காவல் நிலையத்தில் பதிவு செய்ய முடியாது, நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது. தண்டனைக்கான பொது அமைப்பு இல்லாத உலகத்தில், “நான் வருந்துகிறேன்” என்று நாயகியிடம் சொல்வதோடு கணக்கு முடிந்துவிடும் அபாயம் மிக அதிகம். நாயகி அவனுடைய நீதிபதியாகவும் காதலியாகவும் ஒரே நேரத்தில் ஆகிவிடுகிறாள்; எந்தத் தீர்ப்பும் அங்கே சந்தேகத்துக்குரியதே. ஆகவே அவளைத் தவிர வேறு யாரோ ஒருவர் முன்னால் அவன் பதில் சொல்ல வேண்டிய கட்டாயத்தை நீங்கள் உருவாக்குங்கள். அது மறை உலகத்தின் மன்றமாக இருக்கலாம், இறந்த காவலரின் குடும்பமாக இருக்கலாம், நினைவிழந்தவர்கள் தங்களுக்குள் அமைத்துக்கொண்ட ஒரு குழுவாகவும் இருக்கலாம். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது; தங்களிடமிருந்து என்ன பறிக்கப்பட்டது என்பதே தெரியாதவர்கள் ஒன்றுகூடி அமர்ந்து, அதை அறிந்த ஒரே ஒருவனை விசாரிக்கும் காட்சியை இந்த வகை நாவலால் மட்டுமே எழுத முடியும்.

மைமோனிடிஸ் இங்கும் உதவுகிறார். மனிதனுக்கு மனிதன் செய்த தீங்கு, பாதிக்கப்பட்டவரைச் சமாதானப்படுத்தாமல் தீராது என்பது அவர் தொகுத்த மரபு. பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டால், பத்துப் பேரை அழைத்துக்கொண்டு அவருடைய கல்லறைக்குச் சென்று, இன்னாருக்கு இன்ன தீங்கு செய்தேன் என்று அவர்கள் முன் சொல்ல வேண்டும். அவருக்குத் தர வேண்டிய பொருள் இருந்தால் வாரிசுகளிடம் தர வேண்டும். உங்கள் கதையில் கொல்லப்பட்ட காவலரைப் பற்றி இரண்டாம் பாகத்தின் சுருக்கத்தில் ஒரு குறிப்பும் இல்லை. அவர் மறக்கப்பட்டிருக்கிறார், அதுவும் நினைவைப் பற்றிய ஒரு நாவலில். பாதியில் நிறுத்திய வாசகர் அவரை மறக்கவில்லை என்றே நினைக்கிறேன். அவருடைய கல்லறையில், அல்லது அவர் வீட்டு வாசலில், சாட்சிகளுக்கு நடுவே அமரன் நிற்கும் ஓர் அத்தியாயத்தை எழுதிப் பாருங்கள். அங்கே அவனுக்கு மன்னிப்பு கிடைக்க வேண்டியதில்லை. பௌத்த மரபில் அங்குலிமாலனின் கதையும் இதையே காட்டுகிறது: பலரைக் கொன்ற அவன் துறவியாகி உண்மையிலேயே மாறிவிட்ட பின்னும், பிச்சைக்குப் போகும்போது கல்லடி பட்டு மண்டை உடைந்து, பிச்சைப் பாத்திரமும் உடைந்து திரும்புகிறான். அதைப் பொறுத்துக்கொள் என்றுதான் புத்தர் சொல்கிறார். கல்லெறிந்தவர்களை அவர் குறைகூறவில்லை.

தங்கையைப் பற்றியும் இதே முறையில்தான் யோசிக்க வேண்டும். பறித்த நினைவுகளைத் திருப்பித் தர முடியுமா என்பது உங்கள் மாய உலகத்தின் விதிகளைப் பொறுத்தது. அதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். முழுமையாகத் திருப்பித் தர முடியும் என்று வைத்தால், குற்றம் ஒரு கடன்போல ஆகிவிடுகிறது, கொடுத்துத் தீர்த்துவிடலாம். அது கதையை இலேசாக்கிவிடும் என்பது என் கருத்து. ஒரு பகுதியை மட்டும், அதுவும் அவனுக்குள் இருந்ததால் அவன் நிறமேறிய வடிவத்தில்தான் தர முடியும் என்று வைத்தால், தங்கைக்கு ஒரு தேர்வு உருவாகிறது: அதை ஏற்பதா, மறுப்பதா? அவள் மறுக்கும் உரிமையோடு இருக்கட்டும். அக்காவின் காதலை அவள் ஏற்றுக்கொள்ளலாம்; அவனை ஒருபோதும் மன்னிக்காமலும் இருக்கலாம். ஒரே வீட்டில் இரண்டும் உண்மையாக இருக்க முடியும் என்று காட்டினால் உங்கள் நாவல் பல படிகள் உயரும். தங்கை மன்னித்துவிட்டாள் என்பதை நாயகிக்குக் கிடைக்கும் அனுமதிச் சீட்டாக மட்டும் பயன்படுத்தாதீர்கள். அது மீண்டும் ஒரு முறை தங்கையிடமிருந்து எடுத்துக்கொள்வதுதான்.

காதல் ஒரு மனிதனை மாற்றுமா என்ற கேள்வி உங்கள் கதைக்கு அடிப்படையானது. இதில் உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்துச் சொல்ல விரும்புகிறேன். குற்றவியலாளர்கள் ராபர்ட் சாம்ப்சனும் ஜான் லாபும், 1940-களில் போஸ்டனில் ஆய்வுக்கு எடுக்கப்பட்ட 500 இளம் குற்றவாளிகளின் பழைய ஆவணங்களை மீட்டெடுத்து, அவர்களுடைய வாழ்க்கையை எழுபது வயதுவரை பின்தொடர்ந்தார்கள். நிலையான மணவாழ்வும் வேலையும் அமைந்தவர்கள் குற்றத்திலிருந்து விலகும் போக்கு அதில் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அவர்கள் விவரிக்கும் மாற்றம் மெதுவானது. உறவில் சிறிது சிறிதாக முதலீடு கூடக் கூட, இழப்பதற்கு ஏதோ இருக்கிறது என்ற உணர்வும் அன்றாட ஒழுங்கும் சேர்ந்து மனிதனை நிலைநிறுத்துகின்றன. ஒரு முத்தத்தில் நிகழும் மாற்றத்துக்கு அங்கே ஆதரவு எதுவுமில்லை. அதோடு, எது முதலில் நிகழ்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஏற்கெனவே மாறத் தொடங்கியவர்களுக்குத்தான் வேலையும் உறவும் அமைகின்றன என்று காட்டும் ஆய்வுகளும் வந்திருக்கின்றன. எழுத்தாளருக்கு இந்த இரண்டாவது சாத்தியம் அதிகம் பயன்படும். நாயகி வருவதற்கு முன்பே, அல்லது அவளைச் சாராத ஒரு காரணத்தால், அவனுக்குள் ஒரு விரிசல் விழுந்திருக்கட்டும். காதல் அந்த விரிசலை அகலமாக்கலாம், அதை உண்டாக்கியதாக இருக்க வேண்டாம். அவளுடைய அன்பு மட்டுமே அவனைப் பிடித்து நிறுத்துகிறது என்றால், ஒரு சண்டை வந்தால் நகரமே ஆபத்தில் இருக்கிறது என்றாகிறது. அந்தச் சுமையை எந்த நாயகியின் தலையிலும் ஏற்றுவது நியாயமில்லை.

கவனமாக இருக்க வேண்டிய இன்னொரு இடமும் உண்டு. உளவியலாளர்கள் டொனால்ட் டட்டனும் சூசன் பெயின்டரும் 1981-இல் முன்வைத்த கருத்து ஒன்றின்படி, அதிகாரத்தில் பெரும் ஏற்றத்தாழ்வு உள்ள உறவில் கொடுமையும் கனிவும் மாறி மாறி வரும்போது, பாதிக்கப்பட்டவரிடம் மிக வலிமையான பிணைப்பு உருவாகிறது. வில்லனைக் காதலனாக்கும் நாவல்களின் வழக்கமான தாளமும் இதுவேதான்: ஓர் அத்தியாயத்தில் அச்சுறுத்துவான், அடுத்ததில் காயத்துக்கு மருந்திடுவான். படிக்கும்போது நெஞ்சு படபடக்கிறது. ஆனால் அந்தப் படபடப்பைக் காதலுக்குச் சான்றாக நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் நாவலில் அவன் கனிவு தொடங்கிய பின் அவளை நோக்கிய கொடுமை முற்றிலும் நின்றுவிட வேண்டும், மெல்லிய மிரட்டல்கூட மிஞ்சக் கூடாது. பதற்றத்தை வெளியிலிருந்தும் அவனுடைய பசியிலிருந்தும் அவளுடைய கோபத்திலிருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள். எடுப்பதற்கு நிறையவே இருக்கிறது.

அதிகார ஏற்றத்தாழ்வு உங்கள் கதையில் சாதாரணமானதும் அல்ல. நினைவுகளைத் தொடக்கூடிய ஒருவனை ஒருத்தி காதலிக்கிறாள் என்றால், அந்தக் காதல் அவளுடையதுதானா என்ற கேள்வி அவளுக்கு வந்தே தீரும். வரவில்லை என்றால் அவள் கூர்மையற்றவளாகிவிடுவாள். இந்தக் கேள்வியை எழுப்பி, சரிபார்க்கக்கூடிய ஒரு பதிலைக் கதைக்குள்ளேயே தர வேண்டும். அவன் சத்தியம் செய்வது பதிலாகாது. அவளிடம் அவன் தொட முடியாத ஒரு பதிவு இருக்கலாம். அன்றாடம் அவள் கைப்பட எழுதும் குறிப்பேடாகவோ, அவனைச் சற்றும் நம்பாத ஒரு தோழியிடம் ஒப்படைக்கப்பட்ட சாட்சியமாகவோ அது இருக்கட்டும். விதியால் பிணைக்கப்பட்ட இணை என்ற உத்தியை இந்த வகை நாவல்கள் அடிக்கடி பயன்படுத்துகின்றன. உங்கள் சுருக்கத்திலும் அதன் சாயல் தெரிகிறது. வில்லனின் மீட்சிக் கதையில் அதைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். விதி சேர்த்துவைத்தால் அவள் தேர்ந்தெடுக்கவில்லை என்றாகிவிடும். அவள் தேர்ந்தெடுக்காத காதல் இந்தக் கதைக்குப் பயன்படாது. பிணைப்பு இருந்தே ஆக வேண்டும் என்றால், அதை அறுக்கும் வழி கதையின் நடுப்பகுதியில் கிடைக்கட்டும், அவன் அதை அவள் கையில் கொடுக்கட்டும், அவள் உண்மையிலேயே அறுத்துவிடட்டும். அதன்பின் வரும் பக்கங்களில் மிஞ்சும் உணர்வை வாசகர் நம்புவார்.

எனக்கு உறுதியில்லாத சிலவற்றையும் சொல்ல வேண்டும். எந்தக் குற்றத்துக்கு அப்பால் மீட்சி சாத்தியமில்லை என்று ஒரு கோடு கிழிக்க என்னால் முடியாது. பாலியல் வன்முறையையும் குழந்தைகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமையையும் ரொமான்ஸ் வாசகர்கள் ஏற்பதில்லை என்று என் அனுபவம் சொல்கிறது, நானும் அதை ஏற்பதில்லை. கொலையைப் பொறுத்தவரை கருத்துகள் வெகுவாக மாறுபடுகின்றன. பக்கத்துக்கு வெளியே நடந்த நூறு கொலைகளை மன்னிக்கும் வாசகர், கண்முன் நடந்த ஒன்றை மன்னிக்க மறுப்பதைக் கண்டிருக்கிறேன். இது அறவியலின்படி நியாயமல்ல, ஆனால் வாசிப்பு அப்படித்தான் இயங்குகிறது. ஆகவே காவலரின் கொலையை முதல் பாகத்தில் எவ்வளவு நெருக்கத்தில் காட்டியிருக்கிறீர்கள் என்பது முக்கியமாகிறது. வில்லனின் பார்வைக்கோணத்தில் அத்தியாயங்கள் வைக்கலாமா என்பதிலும் எனக்கு முடிவான கருத்தில்லை. அவன் உள்ளம் தெரிந்தால் வாசகர் நெருங்குவார். ஆனால் நாயகிக்குத் தெரியாதது வாசகருக்குத் தெரிந்துவிடுவதால், அவளுடைய ஐயம் எரிச்சலூட்டும் பிடிவாதமாகத் தோன்றத் தொடங்கும். பசியோடு போராடும் அந்தச் சாட்சியில்லாத காட்சிக்கு மட்டும் அவன் கோணத்தைப் பயன்படுத்தி, மற்றவற்றை அவள் கண் வழியே எழுதலாம் என்று தோன்றுகிறது. வேறு விதமாக எழுதி வென்றவர்களும் உண்டு.

அவனைவிடக் கொடிய ஒருவனைக் கொண்டுவந்து இவனை நல்லவனாகக் காட்டும் உத்தியையும் யோசித்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கதை நகர்வுக்கு அது உதவும், மீட்சிக்கு உதவாது. ஒப்பீட்டில் அவன் குற்றம் சிறியதாகத் தெரியுமே தவிர, அது தங்கைக்குச் சிறியதாகிவிடப் போவதில்லை. புதிய எதிரி வரட்டும்; ஆனால் அவன் பழைய அமரன் வகுத்த வழிகளையே பின்பற்றுபவனாக, அவனிடமே கற்றவனாக இருந்தால், எதிரியோடு போரிடும் ஒவ்வொரு காட்சியிலும் தன் பழைய செயல்களையே அமரன் எதிர்கொள்வான்.

முடிவைப் பொறுத்தவரை ரொமான்ஸ் என்ற வகைக்கு ஒரு நிபந்தனை உண்டு. அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் வகுத்த வரையறை இரண்டைக் கேட்கிறது: காதல் கதை மையமாக இருக்க வேண்டும், முடிவு உணர்வுக்கு நிறைவளிப்பதாகவும் நம்பிக்கை தருவதாகவும் இருக்க வேண்டும். அதனால் அவனைக் கொன்று கணக்கை முடிக்கும் வழி உங்களுக்குக் கிடையாது, அது நல்லதே. சாவு ஒரு நொடியில் எல்லாவற்றையும் மூடிவிடும். உயிரோடு இருப்பவன்தான் மறுநாளும் பதில் சொல்ல வேண்டும். நம்பிக்கை தரும் முடிவு என்றால் எல்லா நூலும் முடிச்சிடப்பட்ட முடிவு என்று பொருளில்லை. அவர்கள் இருவரும் இணைந்திருக்கலாம், தங்கை அந்த வீட்டுக்கு வராமலும் இருக்கலாம். காவலரின் குடும்பம் அவன் அனுப்பும் எதையும் ஏற்காமல் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கலாம், அவன் அனுப்புவதை நிறுத்த வேண்டும் என்று அவர்கள் கேட்டால் நிறுத்தவும் செய்யலாம்.

திருத்தி எழுதும்போது கிளைமாக்ஸிலிருந்து தொடங்காதீர்கள். அதை இப்போதைக்கு அப்படியே விட்டுவிட்டு, காவலருக்கான அத்தியாயத்தையும், நாயகி அறியாத அந்த இரவின் காட்சியையும், தங்கை தன் பதிலைச் சொல்லும் இடத்தையும் முதலில் எழுதுங்கள். மூன்றிலும் நாயகியின் காதலைப் பற்றி ஒரு சொல்லும் வர வேண்டாம். எழுதி முடித்தபின் அவற்றை மட்டும், பாதியில் நிறுத்திய அந்த வாசகரிடமே, அவர் இசைந்தால், கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவன் மாறிவிட்டான் என்று அவர் ஏற்றுக்கொண்டால் கிளைமாக்ஸில் நீங்கள் மாற்ற வேண்டியது மிகக் குறைவாகவே இருக்கும். ஏற்காவிட்டால், எந்த இடத்தில் நம்பிக்கை அறுந்தது என்று கேட்டு, அந்தப் பத்தியோடு இங்கே மறுபடி எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.